எண்ணிக்கைக்கு வந்தவள்

இந்த வருடம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், நான் வேலை பார்த்த பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பிளஸ் ஒன்னில் வேளாண் தொழிற்கல்விக் குரூப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை, மூடிவிடுவார்கள் போலிருக்கிறது, நீங்கள் மட்டும் எப்படி சார் இத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்று இளம் ஆசிரியர்கள் கேட்டார்கள். நான் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு தகப்பனாரின் கதையைச் சொன்னேன். கணக்குதான் வேண்டும் என்று நின்ற பெண்ணை, அரை மணி நேரம் பேசியே விவசாயப் பாடத்தில் நிறுத்திவைத்த கதை. எல்லோரும் கை தட்டினார்கள். அதையே பள்ளி ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லித் தமிழாசிரியை கேட்டுக்கொண்டார். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தக் கதையை இப்போது என்னால் எழுத முடியாது. சொன்னபோது எனக்கு முழு விவரம் தெரியாது. நாலு நாள் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு விழுந்த அடியில் இன்னும் நான் சரியாக எழுந்திருக்கவில்லை. எனவே தமிழாசிரியைக்கு இதைத்தான் எழுதி அனுப்புகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

நான் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் பிறந்தவன். அத்தா கயிறு, சாக்கு, மண்வெட்டி விற்கிற கடை வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. விவசாயப் படிப்பில் இடம் கிடைத்தது, படித்தேன். தொழிற்கல்வி ஆசிரியர் வேலை கிடைத்தது, சேர்ந்தேன். திண்டிவனம் பக்கம் நாலு வருடம் இருந்துவிட்டுக் கல்வராயன் மலை அடிவாரத்துப் பள்ளிக்கு மாற்றல் வாங்கி வந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். மண்வெட்டி விற்றவர் மகன் மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொண்டதே அங்கேதான், அதுவும் பிள்ளைகளிடம். முளைத்து வந்த சாமைக்கும் தினைக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் முழித்த முதல் மாதத்தில் மலைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்களுக்கு நான் ‘அக்ரி சார்’. ஓய்வு பெறும்வரை அதுதான் பெயர்.

என் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போவது அப்போதுதான் புரியும். எனக்கு முன்கோபம். அதிலும் யாராவது “அக்ரிதானே” என்று இழுத்துவிட்டால் போதும், சண்டைக்குப் போய்விடுவேன். பிளஸ் ஒன் சேர்க்கையில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கு முதல் குரூப், அதாவது கணக்கும் அறிவியலும். அடுத்தவர்களுக்கு அடுத்தடுத்த குரூப்புகள். எங்கும் இடமில்லாதவர்கள் கடைசியில் என்னிடம் வருவார்கள். என் குரூப்பில் கணக்குப் பாடமே கிடையாது. படித்து முடித்தவர்கள் பொறியியலையோ பட்டப்படிப்பில் கணக்கையோ நினைத்தும் பார்க்க முடியாது. ‘மலைப் பசங்களா, அவங்க வூட்ல சாமை கேவுருதானே, அக்ரியில போடு’ என்று ஆசிரியர் அறையிலேயே பேசுவார்கள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. வேலை தெரிந்த பிள்ளைகள் நமக்கு வருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

இப்போது ஆகஸ்ட் கணக்கெடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஆகஸ்ட் முதல் தேதி எந்த வகுப்பில், எந்தக் குரூப்பில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பது முடிவாகும். ஒரு குரூப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு தலை குறைந்தாலும் அதன் ஆசிரியர் ‘உபரி’. உபரியானவரைப் பணி நிரவல் என்று சொல்லி எங்கே ஆள் இல்லையோ அங்கே அனுப்புவார்கள். அது ராமநாதபுரமாகவும் இருக்கலாம். ஜூலை கடைசி வாரத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் டீ கூட இறங்காது. அவரவர் குரூப்பின் தலைகளை எண்ணிக்கொண்டிருப்போம்.

அந்த நேரத்தில் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வகுப்பில் இருக்கிற பிள்ளையை அந்த வகுப்பில் காட்டுவது. எண்ணி முடித்ததும் பழைய இடத்திலேயே விட்டுவிடுவது. எங்கள் தலைமையாசிரியர் இதில் கைதேர்ந்தவர். அவர் மாதிரி மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. கடைநிலை ஊழியரைக்கூட “வாங்க, உக்காருங்க” என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர்களை முதலில் பென்சிலில்தான் எழுதுவார். ரப்பரை மடித்த கைக்குட்டைக்குள் வைத்திருப்பார். அழிக்கும்போது தூளை ஊதமாட்டார், கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்து ஜன்னலுக்கு வெளியே உதறுவார். அதிகாரி வந்து போனபிறகு மறுபடி அழித்து, பிள்ளையைப் பழைய இடத்தில் எழுதி, அதன்பிறகுதான் பேனாவைத் திறப்பார். “கொழந்தைங்க எங்கியும் போவலீங்க சார், இதே காம்பவுண்டுக்குள்ளதான் இருக்குதுங்க” என்பார். அவர் இருந்தவரை எங்கள் பள்ளியிலிருந்து ஒருவர்கூட உபரியாக வெளியே போகவில்லை. அவரை நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினோம். நானும்தான்.

பத்து வருடத்துக்கு முன்பு ஒரு ஜூலையில் என் குரூப்பில் ஒரு தலை குறைந்தது. வீட்டில் அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். காலையும் மாலையும் அவரைத் தூக்கி உட்காரவைக்க நான் வேண்டும், என் மனைவி ஹாஜிரா ஒருத்தியால் முடியாது. “உங்களைத் தூக்கி எங்கனா போட்டுட்டா நான் இன்னாங்க பண்ணுவேன்” என்று அவள் அழுதாள். நான் வடக்கனந்தலில் தெருத்தெருவாகப் போய், ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்ட பையன்களைக்கூடக் கெஞ்சிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. முப்பதாம் தேதி சாயங்காலம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, “ஒண்ணு சேந்துடுச்சுங்க சார், வூட்டுக்குப் போய் அம்மாவைப் பாருங்க” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் சேர்ந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இரண்டு சொல்லில் கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை என் வகுப்பில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அலமேலு. வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர், அப்பா வெள்ளையன் சாமை பயிரிடுகிறவர், இவள் அடிவாரத்து அரசு விடுதியில் தங்கிப் படிக்கிறவள். லேட்டாகச் சேர்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்பை வேறு பள்ளியில் முடித்துவிட்டு வந்தவள் என்பதால் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்தார். பிள்ளைகளை வரிசையாக எழுந்து நிற்கச் சொல்லி, பெயர் கூப்பிட்டு, முகம் பார்த்து, டிக் போட்டார். அலமேலுதான் கடைசிப் பெயர். அவர் பேனாவை மூடிவிட்டு, “ஊர்ல இன்னாம்மா பயிரு?” என்றார். “சாமை, தினை, கொஞ்சம் மரவள்ளி சார்” என்றாள். “பாத்தீங்களா, இதுதான் சரியான குரூப்ல சரியான பிள்ளை” என்று அவர் என் தோளைத் தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் முதல் வாரமே தலைமையாசிரியர் திடீரென்று பதவி உயர்வில் போய்விட்டார். மாலை போட்டு, பிரியாணி போட்டு, ஜீப் வரைக்கும் கூடவே போய் அனுப்பிவைத்தோம்.

அந்த மாதம்தான் கயிற்று விஷயம் நடந்தது. பள்ளியின் பின்பக்கச் சுவரை ஒட்டிக் காய்கறிப் பாத்தி போடுவதற்காக, கடையிலிருந்து அறுபது அடிக் கயிறு கொண்டுவந்திருந்தேன். சுவர் ஒரு பக்கம், மற்ற மூன்று பக்கமும் கயிறு. பக்கத்துக்கு இருபது அடி வைத்துச் சதுரமாகக் கட்டுங்கள் என்றேன். சதுரத்தில்தான் இடம் ஜாஸ்தி கிடைக்கும் என்று விளக்கமும் சொன்னேன். பையன்கள் முளைக்குச்சி அடிக்கப் போனார்கள். அலமேலு மட்டும் நகரவில்லை.

“சதுரம் வேணாம் சார். பதினஞ்சு, முப்பது, பதினஞ்சுன்னு கட்னா நானூத்தம்பது சதுர அடி வரும். இதுல நானூறுதான் வருது.”

“யாரு சொன்னா? சதுரம்தான் ஜாஸ்தி.”

“நாலு பக்கமும் கயிறா இருந்தா சதுரம் சார். இங்க ஒரு பக்கம் சொவுரு இருக்குதே. பதினாலு வெச்சிப் பாத்தேன், நானூத்தி நாப்பத்தெட்டு. பதினாறு வெச்சாலும் அதே நானூத்தி நாப்பத்தெட்டுதான் சார் வருது. அப்ப நடுவுல இருக்கற பதினஞ்சுதான உச்சி?”

அவள் பேப்பர்கூட எடுக்கவில்லை. முளைக்குச்சியால் மண்ணில் எதையும் கிறுக்கவும் இல்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் ஒரு நிமிடம் ஆடிப்போனேன். அதற்கு முதல் குரூப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடமே படிக்கிறார்கள் என்று பிற்பாடு கணக்கு ஆசிரியர் ஒருவர் சொன்னார். ஆனால் அன்றைக்கு என்ன செய்தேன்? முப்பது பிள்ளைகள் முன்னால் வாத்தியாரைத் திருத்துகிறாளே என்று எரிச்சல் வந்தது. “கட்டச் சொன்னா கட்டும்மா, வாய் பேசாத” என்றேன். அந்த வருடம் சதுரமாகத்தான் கட்டினோம். அடுத்த வருடத்திலிருந்து பதினைந்துக்கு முப்பது. வந்த அதிகாரிகளிடமெல்லாம் அதை என் யோசனை என்று சொல்லியிருக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய செய்முறை நோட்டைத் திருத்த எடுத்தால் கடைசிப் பக்கங்கள் பூராவும் கணக்கு. உரம் எத்தனை கிலோ என்கிற கணக்கு இல்லை, எனக்கே தலைகால் புரியாத கணக்கு. ஒருநாள் நோட்டுக்குள் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் இருந்தது. முதல் குரூப்பில் படித்த, விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த பெண்ணுடையது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவா வேண்டும். என் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வகுப்புப் புத்தகமா? அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, “இனிமே இவளுக்குக் குடுத்தேன்னு தெரிஞ்சா உங்க மேடத்துக்கிட்ட சொல்லிடுவேன்” என்று மிரட்டி அனுப்பினேன். அதன்பிறகு நோட்டின் கடைசிப் பக்கங்கள் காலியாகவே இருந்தன. திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவளுடைய அப்பா வந்தார். விடியற்காலையில் மலையில் பஸ் ஏறியவர், பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். புதுத் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். எழுத்தர், “உங்க குரூப் பொண்ணோட அப்பா, நீங்களே இன்னான்னு பாருங்க சார்” என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

“பொண்ணு கணக்குதான் வேணும்னு சொல்லிகினு அழுவுது சாரு. எனுக்கு ஒண்ணும் தெரியாது. மாத்திக் குடுக்க முடியுங்களா?”

இதுதான் நான் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிய இடம். அந்த மனிதரை மரத்தடியில் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினேன். கணக்குப் படித்தவள் ஊரைவிட்டு ஓடிவிடுவாள், உங்கள் நிலத்தை யார் பார்ப்பது என்றேன். விவசாயிக்கு விவசாயப் படிப்பு கேவலமா என்றேன். “நீங்க செய்யற தொழிலை உங்க பொண்ணே கொறச்சலா நெனைக்குது, நீங்களும் அதுக்குத் தொணை வர்றீங்களா?” என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். “சாரு சொன்னா சரிதான். நான் சொல்லிக்கறேன்” என்றார். வீரிய ரகக் கத்தரி விதை இரண்டு பொட்டலம் கொடுத்து அனுப்பினேன். அலமேலு தூணோரம் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குள் நிற்பதில்லை. பிறகு இரண்டு வருடம் ஒழுங்காகப் படித்தாள். பள்ளியில் என் பாடத்தில் முதல் மதிப்பெண். சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனவளை நான் மறந்தும் போனேன். கதையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

நான் பேசிவிட்டு வந்த நாலாம் நாள் காலை, கள்ளக்குறிச்சியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. கச்சிராயபாளையத்தில் ஒரு உரக்கடையில் பில் போடுகிற வேலை பார்ப்பதாகச் சொன்னாள். ஹாஜிரா டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் உற்சாகமாக, “பரவாயில்லையே, நம்ம படிப்பு உரக்கடையில ஒதவுது பாரு” என்றேன். அவள் டீயைக் கீழே வைத்தாள்.

“ஒரு ஒதவி சார். எந் தங்கச்சி செல்வி பத்தாவது முடிச்சிட்டா. கணக்குல நூத்துக்கு நூறு. நாளன்னிக்குக் கடைசித் தேதி. அப்பா பாரத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. அக்ரி குரூப்னா போடறேன்னு சொல்றாரு.”

“ஏன்?”

“நீங்க சொன்னீங்களாம். பத்து வருசமா அதையே சொல்லிகினு இருக்காரு. அக்ரி சாரு மாதிரி படிச்சவங்க சொன்னா தப்பா இருக்குமான்றாரு. நீங்க வந்து சொன்னாதான் கேப்பாரு சார்.”

நான் கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். நம் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று ஒரு அற்ப சந்தோஷம். “அக்ரியில இன்னாம்மா கொறச்சல்? ஒனக்கு ஆரம்பத்துலேந்தே பிடிக்கல, சரி. பிடிக்காம ஏன் வந்து சேந்த?” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நானா சார் சேந்தேன்?”

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நான் ஜூன்லயே ஃபர்ஸ்ட் குரூப்ல சேந்துட்டேன் சார். ரெண்டு மாசம் கணக்கு கிளாஸ்ல உக்காந்தேன். ஜூலை கடைசியில எச்.எம். சார் கூப்ட்டாங்க. அக்ரி சாருக்கு ஒரு ஆளு கம்மி, அவரைத் தொலைவா மாத்திடுவாங்க, அவரு அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, ஒரே ஒரு மாசம் அந்தக் கிளாஸ்ல போய் உக்காரும்மா, எண்ணிட்டுப் போனதும் மாத்திடறேன்னாங்க. விடுதிப் புள்ள, வூட்லேந்து யாரும் வந்து கேக்க மாட்டாங்கன்னு எழுத்தர் சொன்னாரு. அக்ரி சார்கிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படுவாருன்னாங்க. நானும் சரின்னேன். அப்பறம் எச்.எம். சார் போய்ட்டாங்க. எழுத்தர்கிட்ட கேட்டா, மையில ஏத்தியாச்சு, கம்ப்யூட்டர்லயும் போயிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னாரு. அதான் அப்பாவைக் கூப்ட்டேன்.”

சமையலறை வாசலில் நின்ற ஹாஜிரா, “யா அல்லா” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

அலமேலு முகத்தில் அப்போது வந்த அதிர்ச்சி என்னுடையதைவிடப் பெரியது. “தெரியாதா?” என்றாள். மறுபடி, “நெசமாவே தெரியாதா சார்? நீங்க தெரிஞ்சிகினுதான் அப்பாகிட்ட அப்பிடிப் பேசறீங்கன்னு நெனச்சேன். வேலை போயிடும்னு பயந்துகினு பேசறீங்கன்னு நெனச்சேன். அதான் அன்னிக்கி நடுவுல வாயத் தொறக்கல” என்றாள்.

அதாவது பத்து வருடமாக அவள் என்னை ஒரு கோழை என்று நினைத்து, மன்னித்தும் வைத்திருக்கிறாள். பதினைந்து வயதில் என் அம்மாவுக்காகப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். நான் அவளிடமிருந்து கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கியிருக்கிறேன். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்குக்கு விண்ணப்பம் போட்டாளாம். பிளஸ் டூவில் கணக்கே இல்லையே என்று பாரத்தைக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். இதையும் அவள் புகாராகச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னாள்.

அவள் வெளியே காத்திருக்க, பழைய தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். ஒருவேளை அவள் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாளோ என்று ஒரு நப்பாசை. அவர் எப்போதும்போல், “சொல்லுங்க சார், சௌக்கியங்களா? வூட்ல நல்லாருக்காங்களா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“எந்தப் பொண்ணுங்க சார்?”

“அலமேலு. வெள்ளிமலைப் பக்கம்.”

“ஞாபகம் வரலீங்களே. வருசா வருசம் ஒண்ணு ரெண்டு அப்பிடி மாத்தி வெப்பேன். எல்லாம் திருப்பிப் போட்டுடுவேன். அந்த வருசம் அவசரமா கெளம்பிட்டேன். புதுசா வந்தவரு மாத்திருப்பாருன்னு நெனச்சேன்.”

“மாத்தல சார்.”

“அடடா” என்றார். பிறகு, “அம்மா கடைசி வரைக்கும் உங்க கையாலதான சார் கஞ்சி குடிச்சாங்க? அது போதுங்க” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். ஒவ்வொரு வேளையும் நான்தான் ஊட்டினேன். அந்த மூன்று வருடத்தை யாரிடமிருந்து எடுத்தேன் என்று தெரியாமலே ஊட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே அலமேலுவோடு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு பஸ் திரும்பியபோது, அவள் அப்பாவிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருடம் மேடையேறிப் பேசியவனுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. வெள்ளிமலையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், அதன்பிறகு நடந்தோம். வெள்ளையன் வீட்டு முன்னால் விதைச் சாமையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தார்.

“அக்ரி சாரு! எங்க வூட்டுக்கா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். “செல்வி, சாருக்குப் பாய் எடுத்துப் போடும்மா. சொன்னேன்ல? சாரு நேர்லயே வந்துட்டாரு, இனிமே கணக்குகிணக்குன்னு பேசாத.”

செல்வி என்னை முறைத்தாள். அக்காள் முறைக்கவில்லை, இவள் முறைத்தாள். அது எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது.

நான் பாயில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் பெரிய பெண் ஜூனிலேயே கணக்குக் குரூப்பில் சேர்ந்தவள் என்று சொன்னேன். என் வேலையைக் காப்பாற்றத்தான் அவளை என் வகுப்புக்கு மாற்றினார்கள் என்று சொன்னேன். அன்று அவர் வந்தபோது அது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யவில்லை, அரை மணி நேரம் நான் பேசியது அத்தனையும் தப்பு என்று சொன்னேன். “அந்தப் பொண்ணு மாதிரி கணக்கு வர்ற பிள்ளையை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்லைங்க. அதை நாந்தான் கெடுத்துட்டேன். சின்னவளுக்குக் கணக்குக் குரூப்புக்கே கையெழுத்துப் போடுங்க” என்றேன்.

வெள்ளையன் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நான் சொன்னதை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார். நடுவில் ஒரே ஒரு தடவை அலமேலுவைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். பிறகு அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, “பாரத்தைக் குடும்மா” என்றார்.

செல்வி ஓடிப்போய் எடுத்துவந்தாள். முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பாரத்தை வைத்தார். நான் பேனாவைக் கொடுத்தேன். முதல் குரூப் என்று எழுதியிருந்த இடத்தைச் செல்வி விரலால் தொட்டுக் காட்டினாள். எழுத்தெழுத்தாக, அழுத்தி, தன் பெயரை எழுதி முடித்தார். செல்வி பாரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவர் பேனாவை எனக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. ஆபீஸ் விவரம் தெரிந்தவரிடம் கேட்கிற மரியாதைதான் இருந்தது.

“சின்னதுக்குப் போட்டுட்டேன் சாரு,” என்றார். “பெரியதுக்கு எங்க போடணும்?”